பத்மநாபன் சொன்ன பதில்கள்

அல்வாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் வேதா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. தெலுங்கோ ஹிந்தியோ, பிள்ளை எந்த மொழியில் முழிக்கிறதோ அந்த மொழியில் கணக்கைப் புரியவைத்துவிடுவாள். மூளையையும் நரம்புகளையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து ஒரு கண் மங்கி, இடது கால் இழுத்துக்கொண்டபோதுகூட டியூஷன் நிற்கவில்லை.

மருந்தில் கால் தேறியது. அவள் கணவர் பத்மநாபனுக்கு அதுவே பெரிய தெம்பு. நரம்பு டாக்டர் ரகுநாதன், "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டால், வேதா வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர். மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கறா."

வீட்டில் நிலவரம் வேறு. பாதிக் கணக்கில் வேதா போர்டு முன்னால் அப்படியே நின்றுவிடுவாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி டியூஷனை இவரே நிறுத்தினார். பால் தீய்ந்ததும் அடுப்படியையும் எடுத்துக்கொண்டார். ஃபோன் வந்தாலும் இவர்தான் பேசினார்.

ஒருநாள் வேதா மெதுவாகச் சொன்னாள்: "தலைக்குள்ள என்னமோ கரைஞ்சு போயிண்டிருக்கு. டாக்டர்ட்ட சொல்லணும்."

"வயசாறது. எனக்குந்தான் மறக்கறது."

அடுத்த முறை டாக்டரிடம் அவளே ஆரம்பித்தாள். "டாக்டர், எனக்கு..." அடுத்த வார்த்தை வரவில்லை. தேடினாள். "தூக்கம் சரியில்லை டாக்டர்," என்று பத்மநாபன் முடித்துவைத்தார். தூக்க மாத்திரையோடு திரும்பினார்கள். அதைப் போட்டதில் இன்னும் மந்தமானாள்.

அதற்கடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் பத்மநாபன் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போனபோது வேதா பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீண்ட நேரம் போயிற்று. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறந்ததும், "அவங்க பேசட்டும் சார்," என்றார்.

அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூளை சுருங்கியிருந்தது. நடுவில் நீர் நிற்கும் இடம் அகன்றிருந்தது. "கால் நல்லா இருக்குன்னு நானும் விட்டுட்டேன். இந்த நோய் உள்ள இப்படியும் வேலை பண்ணும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா?" என்றார் பத்மநாபன்.

"மருந்தை அப்பவே மாத்தியிருக்கலாம். எவ்வளவு தடுத்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திரும்பும் வழியில் லோத்குண்டா சிக்னலில் வண்டி நின்றது. "தப்பு என்மேலதான் வேதா," என்றார். எதையாவது சொல்லி அந்த மௌனத்தை நிரப்ப நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டார். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"தூக்கம்னேளே. அது இல்லைன்னு தெரிஞ்சுதானே சொன்னேள்?"

"தெரியும். பயமா இருந்தது."

"எனக்கும்தான்," என்றாள். "நான் தனியா பயந்துண்டிருந்தேன்."

மருந்தை மாற்றினார்கள். அடுத்த ஸ்கேனில் சுருக்கம் அதிகமாகவில்லை, போனது போனதுதான். டாக்டர் அறைக்குள் இப்போது வேதா மட்டும் போகிறாள். இவர் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கற மனுஷனை நான் கண்டதில்லை," என்று பக்கத்தில் ஒரு அம்மாள் ஒருநாள் சொன்னாள். பத்மநாபன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டார்.