இடைவேளை என்று எழுத்து மட்டும்

ஒக்லண்டில் ஹிந்திப் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். படத்தின் நடுவில் திரை முழுக்க 'இன்டர்வல்' என்று எழுத்து வரும். ஆனால் இடைவேளை வராது. விளக்கு எரியாது, கதவு திறக்காது. எழுத்து மறைந்ததும் யாராவது யாரையாவது துரத்தத் தொடங்கிவிடுவார்கள். இங்கே படத்தை நடுவில் நிறுத்துகிற வழக்கம் இல்லை. இந்தியாவிலிருந்து வரும் படத்தில் அந்த எழுத்தை வெட்ட யாரும் மினக்கெடுவதும் இல்லை. எங்களவர்கள் பழக்கதோஷத்தில் எழும்பி, அசடு வழிந்துகொண்டு திரும்ப இருப்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்த பிறகும் நான் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் நிலைமை மறுவளம். ஜெனரேட்டர் வைத்துப் படம் போடுவார்கள். எழுத்து ஒன்றும் வராது; மண்ணெண்ணெய் முடிந்தால் அதுதான் இடைவேளை. சில படங்களுக்கு அந்த இடைவேளை இன்றுவரை முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் கெலம். என் மகள் ஆரணி வேலை செய்யும் எல்லர்ஸ்லி அலுவலகத்திலேயே வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியன். பெடியன் என்ன, முப்பது தாண்டியவன். பிளாட் புஷ்ஷில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நண்பன் என்ற பெயரில் வந்து, இடியப்பத்தைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டுப் போவான். என்ன நண்பன் என்று எங்களுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நீரே பார்த்து ஒரு முடிவைச் சொல்லும். நீர் ஓம் எண்டால் எனக்கும் ஓம்" என்றார். எதையும் என் தலையில் கட்டிவிட்டுப் பேப்பர் படிப்பது அவருக்குக் கைவந்த கலை.

எனக்கு அவன் நிறம் பிரச்சினை இல்லை. அவன் எங்களை விரும்புகிறானா, வேடிக்கை பார்க்கிறானா என்பதுதான் பிரச்சினை. ஹிந்தி அடிதடிப் படம் என்றால் அவனுக்கு உயிர், அதிலும் கொள்ளைக்கூட்டப் படம் என்றால் வேலைக்கும் லீவு போடுவான் என்று ஆரணி சொல்லியிருந்தாள். எனக்கு அது சந்தேகத்தைக் கூட்டியது. நான் வேலை செய்யும் த்ரீ கிங்ஸ் மருந்துக்கடையிலும் ஒரு வெள்ளைக்காரி இந்தியப் படம் பார்ப்பாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்து, மோட்டர் சைக்கிள் எப்படிப் பறந்தது என்று எனக்கு நடித்துக் காட்டுவாள், ஏதோ நான்தான் அதை ஓட்டியது போல. இவனும் அந்த வகையா என்று பார்க்கத்தான் போனேன். அவன் படத்தைப் பார்க்கட்டும், நான் அவனைப் பார்க்கிறேன் என்று திட்டம்.

தியேட்டர் வாசலில் ஆரணி சோளப்பொரி வாங்க வரிசையில் நின்றாள். கெலம் என் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமி, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றான். "ஆன்ட்டி" என்றான். பிறகு மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் ஏதோ ஒப்புவித்தான். "மே ஆப்கி பேட்டி ஸே ஷாதி கர்னா..." என்று போனது. அது ஹிந்தி என்றே எனக்கு அப்போது தெரியாது. தமிழைத்தான் கடித்துத் துப்புகிறான் என்று நினைத்தேன். என் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். ஒன்று பேட்டி. மற்றது சாதி.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்யாணப் பேச்சில் அந்தச் சொல்லை நாங்கள் வாயால் சொல்வதில்லை. "எந்தப் பக்கம்?", "என்ன ஆக்கள்?" என்று நைசாகத்தான் கேட்போம். என் அக்காவுக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. என்ன ஆக்கள் என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார், அதோடு முடிந்தது. அக்கா பிறகு ஒருவரையும் கட்டவில்லை. எங்கள் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வரக்கூடாது என்று நானும் வீட்டுக்காரரும் இங்கே வந்திறங்கியபோதே முடிவெடுத்தோம். இப்போது ஒரு வெள்ளைக்காரன், பேட்டி எடுக்கிறவன் மாதிரி முன்னால் நின்று, சாதி கேட்கிறான்! யாரோ இந்திய நண்பர்கள், இந்த ஆட்களிடம் பெண் எடுப்பதென்றால் இதைக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோ" என்றேன். "எங்கள் குடும்பத்தில் அது கிடையாது. ஒருநாளும் கிடையாது" என்று ஆங்கிலத்தில் அறுத்துறுத்துச் சொன்னேன்.

அவன் முகம் செத்துப்போனது. "ஓகே, ஆன்ட்டி. சொரி" என்றான். பிறகு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். கேட்டதற்கு வெட்கப்படுகிறான், நல்லது, என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஆரணி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

படம் தொடங்கியது. பாலைவன நகரம் ஒன்றில் வங்கிக் கொள்ளை. கண்ணாடிக் கட்டடங்கள், முகமூடிகள், ஹெலிகொப்டரில் தொங்கிக்கொண்டே தலை சீவுகிற கதாநாயகன். கெலம் கொஞ்சநேரம் கல்லாக இருந்தான். ஆனால் மோட்டர் சைக்கிள் ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து மாடிக்குத் தாவியபோது அவனால் முடியவில்லை, கையைத் தட்டிவிட்டான். கதாநாயகன் சாப்பாட்டுத் தட்டால் துப்பாக்கிக் குண்டைத் தடுத்தபோது, சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பிளந்தான். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முணுமுணுத்தது நான்தான். "அவன் ஹீரோ, ஆன்ட்டி" என்று அந்தக் கவலையிலும் எனக்குச் சமாதானம் சொன்னான். அவன் சிரித்த இடமெல்லாம் எங்களவர்கள் சிரித்த இடம். கதாநாயகனின் தாய் அழுதபோது அவனும் கண்ணைத் துடைத்தான். அந்த இடத்தில் நான்கூட அழவில்லை. வேடிக்கை பார்க்கிறவன் அழமாட்டான் என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். அப்படியானவன் ஏன் அதைக் கேட்டான் என்று ஆத்திரம் இன்னும் கூடியது.

இன்னொன்றையும் கவனித்தேன். நானும் அவனும் ஒரே நேரத்தில் கண்ணைக் கீழே இறக்கினோம், ஒரே நேரத்தில் ஏற்றினோம். எங்கள் வரிசையில் சப்டைட்டில் வாசித்தது நாங்கள்தான். மற்றவர்கள் வசனம் முடியும் முன்பே சிரித்தார்கள், நாங்கள் வாசித்து முடித்துச் சிரித்தோம். எனக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. ஏதோ பகிடி வந்தபோது, அதில் வேறு அர்த்தமும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். நான் தலையைப் பொதுவாக ஆட்டிவைத்தேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. பெட்டகத்துக்குள் இறங்கிய கதாநாயகன் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறான். கீழே வைரத்தோடு கதாநாயகி. சைரன் அடிக்கிறது. ஓடுகிற வேலையைப் பார்க்காமல் அவன் அவளிடம் கேட்கிறான், "முஜ்ஸே ஷாதி கரோகி?"

சாதியா? இந்த நேரத்திலா? திடுக்கிட்டுச் சப்டைட்டிலைப் பார்த்தேன். என்னைக் கல்யாணம் செய்வாயா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்த வரி போன பிறகும் நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கை கட்டி நின்றவன் என்ன கேட்டான் என்பதும், நான் என்ன சொன்னேன் என்பதும் ஒன்றாக மண்டைக்குள் இறங்கின. எங்கள் குடும்பத்தில் அது கிடையாது. ஒருநாளும் கிடையாது. பெரியப்பாகூட அக்காவுக்கு இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

திரை முழுக்க 'இன்டர்வல்' என்று விழுந்தது. நான் எழும்பிவிட்டேன். இன்னும் பலர் எழும்பினார்கள், படம் ஓடுவதைக் கண்டு இருந்துவிட்டார்கள். நான் இருக்கவில்லை. நான் நிற்பதைக் கண்டு கெலமும் எழும்பினான். பெரியவர்கள் நின்றால் நிற்கவேண்டும் என்பதையும் யாரிடமோ கேட்டுப் படித்திருப்பான்.

"ஓம்" என்றேன். ஆங்கிலம் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.

அவன் குழம்பினான். பிறகு கைகளைக் கூப்பி, கண்களை மூடி, "ஓ...ம்" என்று பக்தியோடு இழுத்தான்.

நடுவில் இருந்த ஆரணி எங்களை அண்ணாந்து பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இவன் உன்னைக் கட்டித் தரச்சொல்லிக் கேட்டவன். எனக்கு அது விளங்கேல்லை, நோ எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். "இப்ப ஓம் எண்டுறன். நீ சொல்லு அவனுக்கு."

ஆரணி அவன் பக்கம் திரும்பி, "ஷீ மீன்ஸ் யெஸ்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. கெலம் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் ஹிந்தியில் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். கெலம் என்னைப் பார்த்தான், நான் மொழிபெயர்ப்பேன் என்று. நான் திரையின் அடியைப் பார்த்தேன். இதற்குச் சப்டைட்டில் வரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.