மைக்கம்மா பார்த்த நாற்பத்தெட்டுப் பகுதிகள்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தோரு வருடம் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை அம்மாவைத் தொலைத்துவிட்டு மேலாளர் மேஜைமேல் உட்கார்ந்து அழுகிறது என்றெல்லாம் சொன்ன குரல் அவருடையது. முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் வாயைத் திறந்து வெங்காயம் கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் வண்டிதான் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, "நடைமேடை நான்கிலிருந்து" என்று ஆரம்பித்தவர், "கரண்டி புறப்படும்" என்று முடித்தார். நிலையமே சிரித்தது. திருத்திச் சொல்லப் பார்த்தார். மறுபடியும் கரண்டிதான் வந்தது. மூன்றாம் முறை எதுவுமே வரவில்லை. பக்கத்து அறையில் டிக்கெட் கொடுக்கிறவர் ஓடிவந்து பார்த்தபோது அவருடைய வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். மூன்று வாரம் மருத்துவமனை. கால் மெல்லத் திரும்பியது, கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது எல்லாம் புரிந்தது. தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. சொல்தான் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "இல்ல" என்ற ஒன்று மட்டும் கேட்காமலே வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல.

மைக்கம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, அவன் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. ஒரே பெண், பதினோரு வயது. ஒல்லியாக இருப்பாள், தொட்டால் குத்துவாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். அவளுடைய ஏழு வாரப் பள்ளி விடுமுறை அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது.

விடுமுறையில் பார்ப்பதற்கென்று குண்டூசி ஒரு தொடரைத் தேர்ந்து வைத்திருந்தாள். மலை உச்சியில் ஓர் ஓட்டல். மண் சரிந்து பாதை அடைபட்டுவிடுகிறது. உள்ளே ஒன்பது பேர், அதில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார்? தமிழில் பேசவைத்த வெளிநாட்டுத் தொடர், மொத்தம் நாற்பத்தெட்டுப் பகுதி. வகுப்பில் பாதிப் பேர் பார்த்து முடித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு மானப் பிரச்சினை. நான்கே நாளில் முடித்துவிடுவதாக இருந்தாள்.

அம்மா அதற்கு ஆப்பு வைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது ரிமோட்டைக் கொண்டுவந்து மைக்கம்மாவின் இடது கையில் வைத்தாள்.

"அண்ணி, இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான். கெஞ்சுவா, கொஞ்சுவா, உருண்டு புரளுவா. கொடுத்துடுவீங்களா?"

"இல்ல," என்றார் மைக்கம்மா. நோய் வந்த பிறகு அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்தது அதுவே முதல் தடவை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கும் வந்தார். நாய், பூட்டு, குடை என்று படம் போட்ட அட்டைகள் கொண்டுவந்தார். மருத்துவமனையில் பொறுத்துப்போன மைக்கம்மா, வீட்டில் முதல் நாளே அட்டைக் கட்டை மேஜை விளிம்புவரை நகர்த்திக் கீழே தள்ளிவிட்டார். பயிற்சிப் பெண் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கோபம் இல்லை.

"சரிம்மா, இது வேண்டாம். ஆனா எதையாவது சொல்லியே ஆகணும்னு உங்களுக்கே தோணணும். எதைப் பத்திச் சொல்லுவீங்க?"

மைக்கம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் குண்டூசிக்குக் கஷ்டகாலம் பிறந்தது. ஐந்து நிமிடம் ஓடியதும் அத்தை தொடரை நிறுத்திவிடுவார். திரையில் யாராவது வாயைப் பிளந்தபடி நிற்பார்கள். அதுவரை நடந்ததை மைக்கம்மா வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மேலே ஓடும். யாரும் விதித்ததல்ல, அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

"டா... டா..."

"டாக்டர், அத்தை! டாக்டர் மாடிக்குப் போனார். போடுங்க!"

மைக்கம்மா உள்ளங்கையை உயர்த்தினார். நீ சொன்னது செல்லாது என்று அர்த்தம்.

நாற்பது நிமிடப் பகுதி அன்று இரண்டேகால் மணி நேரம் ஓடியது. தேறிய சொற்கள் நான்கு: டாக்டர், கதவு, மழை, செத்து. குண்டூசி சோபாவிலிருந்து தலைகீழாகத் தொங்கினாள். மதியம் சாப்பிட வந்த அம்மாவிடம் புகார் வைத்தாள்.

"அத்தை வேணும்னே பண்றாங்கம்மா."

"ஆமாடி, வேணும்னுதான் பண்றாங்க. நீ சாப்பிடு."

எண்கள் இன்னொரு தொல்லை. ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னால் மளமளவென்று வந்தன. தனியாக ஓர் எண்ணைக் கேட்டால் வராது. அதனால் ஒவ்வொரு காலையும் பகுதி எண்ணைச் சொல்ல ஒன்றிலிருந்து ஏற ஆரம்பிப்பார். பதினேழாம் பகுதிக்குப் பதினேழு படி. பொறுமைக்கும் குண்டூசிக்கும் பத்தில் ஒரு பொருத்தம்கூடக் கிடையாது. ஆனாலும் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருக்க அவள் பழகிவிட்டாள்.

நான்காவது வாரம் பேருந்து நிலைய மேலாளர் பழக்கூடையோடு வந்தார். சட்டைப் பையில் ஒரு படிவமும் இருந்தது. மைக்கம்மாவை நடுவில் உட்கார வைத்துவிட்டு, தம்பியிடம் பேசினார்.

"அக்காவுக்கு நாம பேசுறது புரியுதா?"

"நல்லாப் புரியும் சார்."

"அடுத்த மாசம் மருத்துவக் குழு கூப்பிடுவாங்க. அங்க போய் நின்னு திணறணுமா? விருப்ப ஓய்வுன்னு கையெழுத்துப் போட்டுட்டா மத்ததை நான் பாத்துக்கறேன்."

என்னிடம் கேளுங்கள் என்று சொல்ல மைக்கம்மா வாயைத் திறந்தார். "எ... எ..." என்பதற்கு மேல் வரவில்லை.

"பரவாயில்லம்மா, நீங்க பேச வேண்டாம்," என்றார் மேலாளர், மிகவும் அன்பாக.

அந்த அன்புதான் சுருக்கென்று தைத்தது. மேலாளர் படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தார், தம்பி பேனாவை நீட்டினான். "அக்கா, சார் உன் நல்லதுக்குத்தான் சொல்றார்." மைக்கம்மா பேனாவைத் தொடவில்லை. படிவத்தை மேஜையில் அழுத்தி, இடது கையாலேயே இரண்டாக மடித்தார், பிறகு நான்காக. எழுந்து போய் மேலாளரின் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"இல்ல."

மேலாளர் போனதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தம் எதையும் மறைக்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது குண்டூசி டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னைக்குப் பாத்ததையே மறுபடி பாக்கலாமா? புதுசு இல்லியே, அம்மா திட்ட மாட்டாங்க. நிறுத்தி நிறுத்தியே பாக்கலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தியவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினார். கதவு என்பது கதவைத் திறந்தான் ஆயிற்று. மழை என்பது மழையில நனைஞ்சு வந்தா ஆயிற்று. சில நாள் முதல் நாள் வந்தது மறுநாள் வராது. அப்படிப்பட்ட நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் போடுவார். ஓட்டலின் வரவேற்பறையில் எத்தனை நாற்காலி என்பதுவரை இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

முப்பத்தொன்றாம் பகுதியில், ஓட்டல் கணக்கர் சாவிக் கொத்தை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். குண்டூசி காலை ஆட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும், டாக்டர்தான் கொன்னது," என்றாள்.

"டாக்டர் இல்ல. கணக்கர்தான். சாவி அவன்கிட்டதானே இருக்கு!"

"சாவி இருந்தா? அன்னைக்கு ராத்திரி கணக்கருக்குக் காய்ச்சல், படுத்திருந்தாரு!"

"நடிப்பு. பொய்க் காய்ச்சல். வே... வேர்க்கவே இல்ல அவனுக்கு."

"டாக்டரே காய்ச்சல்னு சொன்னாரே!"

"டாக்டர் மண்டு!"

மதியச் சாப்பாட்டுக்கு வந்த தம்பி மனைவி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இரண்டு பேர் சண்டை போடும் சத்தம். ஒரு குரல் அவள் பெண்ணுடையது. இன்னொரு குரலை அவள் பேருந்து நிலையத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். "அண்ணி!" என்று அவள் கையைப் பிடித்த பிறகுதான், தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது மைக்கம்மாவுக்கே உறைத்தது. உடனே பேச்சு நின்றுபோனது. சாயங்காலம்வரை ஒரு சொல் வரவில்லை. அதற்காக அவர் கலங்கவில்லை. உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது, இனி வெளியே இழுக்க வேண்டியதுதான்.

விடுமுறையின் கடைசி வாரம் நாற்பத்தெட்டாம் பகுதியும் முடிந்தது. கொன்றது டாக்டரும் இல்லை, கணக்கரும் இல்லை. எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு சூப் ஊற்றிய சமையல்காரர். இரண்டு பேரும் ஏமாந்து போய் அரை மணி நேரம் சமையல்காரரைத் திட்டினார்கள்.

மருத்துவக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். தம்பியும் கூடவே உள்ளே நுழைந்தான்.

"நீ வெளிய இரு," என்றார் மைக்கம்மா.

அவன் வெளியே போனான். குழுத் தலைவர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"சொல்றேன். நேரம் ஆகும். நீங்க... காத்திருக்கணும்."

காத்திருந்தார்கள். நடுவில் ஒருவர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். உள்ளங்கை உயர்ந்தது, அவர் அடங்கினார். மைக் தன்னால் முடியாது என்பதை மைக்கம்மாவே சொன்னார். விசாரணைக் கவுண்ட்டர் வேண்டும் என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த மேலாளர் பதறிப்போனார்.

"அங்கதாம்மா பேச்சு ஜாஸ்தி. நாள் முழுக்க ஆள் மாத்தி ஆள் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

"அதுக்குத்தான்."

மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊர்ப் பெயர்கள் இன்றைக்கும் சில சமயம் நழுவும். வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். குண்டூசி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கவுண்ட்டரில் எட்டிப் பார்த்து, அடுத்த விடுமுறைக்கு என்ன தொடர் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், பெட்டியும் கையுமாக ஒருவர் மூச்சிரைக்க வந்தார். மருத்துவமனை வழியாகப் போகும் வண்டி போய்விட்டதா என்று கேட்டார். மைக்கம்மா பதிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றார் மைக்கம்மா. "சரியா சொல்லுவேன். நில்லுங்க."

வந்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.