தெர்மாமீட்டர்

மாமல்லபுரத்துக் கடலோர பங்களா ஒன்றில் வெந்நீர்த் தொட்டியைப் பராமரிப்பது ஜெரோமின் வேலை. குளோரின் சோதிப்பார், ஃபில்டரைக் கழுவுவார், முதலாளியம்மா இறங்கும் முன் கையை விட்டுச் சூடு பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்து ஒருநாள் அதை அவள் பார்த்துவிட்டாள். மறுநாளே தெர்மாமீட்டர் வந்தது.

“இனிமே தண்ணியில கைய வைக்காத, ஜெரோம். நாங்க குளிக்கிற தண்ணி.”

போன ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோதே தொட்டியின் ஓரத்தில் தண்ணீரை இழுக்கும் துளையில் முடி அடைத்து, தண்ணீர் சுற்றுவது நின்றுபோனது.

“கைய விட்டு எடுப்பா,” என்றாள், உள்ளே உட்கார்ந்தபடியே.

கொத்தாக அவளுடைய முடி வந்தது. எடுத்துப் போட்டுவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே தோட்டக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஒருமுறையல்ல, மூன்றுமுறை.

“என்னப்பா, இவ்ளோ நேரம்?”

“அழுக்கு போவமாட்டேங்குது, மேடம்.”