நான் சொன்ன இல்லே

ஒரு பொய் சொன்னதற்காக எனக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நியாயமாக முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொய்யால்தான் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியே பிழைத்தது என்று இத்தனை வருடமாகத் தம்பட்டம் அடித்து வந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஓசூரில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. விருதுநகர்ப் பக்கமிருந்து நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, அந்த வருடம்தான் வந்து எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூடைப்பந்து ஆடினாள், ஒழிந்த நேரத்தில் படித்தாள். ஒரு குடம் தண்ணீரைச் சிந்தாமல் தூக்கி வரத் தெரியாது. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால், எதிரணிக்காரிகள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழிப்பார்கள். இவளா நம் வீட்டுச் சித்தி என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

அணியில் நெட்டையாக ஓர் அக்கா இருந்தாள். ஓசூரிலேயே பிறந்தவள், வீட்டில் கன்னடம். கூடைக்குக் கீழே நின்றுகொண்டு, அலமாரியில் டப்பா வைப்பதுபோலப் பந்தை உள்ளே வைத்துவிடுவாள். சித்தி கொண்டுபோய்க் கொடுப்பாள், அவள் போடுவாள். இப்படியே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்கு ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். முடிய நாலைந்து நொடிதான். பந்து சித்தியின் கையில். கூடைக்கடியில் தனியாக நின்ற நெட்டை அக்கா ஏதோ கத்தினாள். சித்தி அவளைப் பார்த்தாள், ஆனால் கொடுக்கவில்லை. தானே எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்து விழுந்தது.

"நல்லா தனியா நின்னுக்கிட்டு, இல்லே இல்லேன்னு கத்துறாக்கா. பந்து வேணாமாம். பயந்தாங்கொள்ளி!" என்று சித்தி அம்மாவிடம் பொருமினாள். நெட்டை அக்காவோ, தொண்டை கிழியக் கூப்பிட்டும் பந்தைத் தராத பேராசைக்காரி என்று சித்தியைப் பற்றிச் சொன்னாளாம். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. சித்தி அவளுக்குப் பந்து கொடுப்பதையும் நிறுத்தினாள். அப்புறம் எங்கே ஜெயிப்பது? வரிசையாக ஐந்து தோல்வி. அடுத்ததும் போனால் இனி எந்தப் போட்டிக்கும் அணியை அனுப்ப மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சித்தி ஷூவைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு, பயிற்சிக்கே போகாமல் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் சத்தம் கேட்டது. சித்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த நெட்டச்சிதான். நான் இல்லேன்னு சொல்லிரு" என்று போர்வைக்குள் புகுந்தாள்.

வாசலில் நெட்டை அக்கா குனிந்து, "சித்தி இருக்காங்களா பாப்பா?" என்றாள்.

"இல்லே" என்றேன். பொய் என்பதால் குரல் பாதிதான் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி நின்றாள். பிறகு முகம் மலர, "ஓ, இல்லியா!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். ஐயையோ என்று ஆகிவிட்டது எனக்கு. "இல்லே, இல்லே" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

சித்தி போர்வையை விலக்கி என்னை முறைத்தாள். "இல்லேன்னுதானடி சொல்லச் சொன்னேன்?"

"பாப்பாவ திட்டாதே. எங்க பாஷைல இல்லின்னா இங்கேன்னு அர்த்தம். நீ இங்க இருக்கேன்னு சொல்லுச்சு, வந்துட்டேன்" என்றாள் நெட்டை அக்கா.

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அன்னைக்கு மேட்ச்ல..."

"இங்க போடு, இங்க போடுன்னுதான் கத்துனேன், மகராசி! அவசரத்துல தமிழா வரும்?"

சித்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். நெட்டை அக்கா முக்காலிகூடப் போடாமல் கையை நீட்டிப் பரண்மேல் இருந்த ஷூவை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் ஆட்டம், சேலம் பக்கத்துக் கல்லூரியோடு. பாதி ஆட்டத்தில் பன்னிரண்டு புள்ளி பின்னால். அப்பா, போய் டீ குடிக்கலாமா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஆனாலும் முழுதாக நம்ப முடிந்ததில்லை. ஒவ்வொரு கூடையாகக் கடித்துக் கடித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசி நொடிகள். சித்தியை இரண்டு பேர் மறித்திருந்தார்கள். கூடைக்கடியிலிருந்து, "இல்லி! இல்லி!" என்று நெட்டை அக்கா வீறிட்டாள்.

அவளைக் காவல் காத்த சேலத்துப் பெண்ணுக்கு அது 'இல்லே' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பந்து வேண்டாம் என்கிறவளை எதற்குக் காப்பது என்று அவளும் சித்தியை மறிக்க ஓடினாள். சித்தி மூன்று தலைக்கு மேலே பந்தை எறிந்தாள். அங்கே இரண்டு நீளக் கைகள் காத்திருந்தன. பந்து வலைக்குள் இறங்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரியவளானால் மனுஷிகளால் இப்படியெல்லாம் முடியுமா என்று மலைத்து நின்றேன்.

அதற்குப் பிறகும் அவர்கள் தோற்றதுண்டு. ஆனால் யாரும் ஷூவைப் பரணில் ஏற்றவில்லை. எல்லாம் பாப்பா சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்று நெட்டை அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். மைசூர்பாகு வந்தது அப்படித்தான்.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் இந்தக் கதையை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்காரத் தோழியிடம் அளந்தேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த அக்கா வாசல்ல எந்த பாஷைல கேட்டாங்க?"

"தமிழ்லதான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் நெட்டை அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாசற்படியில் சித்தியின் செருப்பு கிடந்தது. அதற்குப் பக்கத்தில்தான் அவள் தன் செருப்பைக் கழற்றி விட்டாள்.