மீசை வைத்த ராணி

சீட்டு வித்தையைக் கதை சொல்லிக்கொண்டே செய்வது என் பழக்கம். தொண்ணூறுகளில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீடு. சொந்த ஊரில் முதல் தடவை. சொதப்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது. பழங்காலப் படம் போட்ட சீட்டுக்கட்டு, தொலைந்த ராணியை ராஜா தேடும் கதை. ராணிச் சீட்டின் ஓரத்தை மட்டும் மயிரிழை அளவு கத்தரித்து வைத்திருந்தேன். விரல் ஓட்டினால் அகப்படும்.

நெசவுக்கார அக்கா ஒருவரைக் கலைக்கச் சொல்லி வாங்கி, ராணியை உருவினேன். வந்தது மந்திரி!

"ராணிக்கு மீசை மொளச்சிடுச்சுபா!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது.

அந்த அக்கா சீட்டுக்கட்டை என் கையிலிருந்து வாங்கினார். "மந்திரி வந்து சொன்னாத்தானே ராணி வருவாங்க? இருங்க, நான் கூப்புடுறேன்." விரலை ஒரே ஓட்டம் ஓட்டினார், ராணி வந்துவிட்டாள். எல்லாம் என் ஏற்பாடு என்று நினைத்து, கைத்தட்டல் எனக்கு!

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிக்கா?" என்றேன்.

"கலைக்கறப்பவே தெரிஞ்சிபோச்சுபா. தறியில ஒரு இழை போனாலே விரலு சொல்லிடும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"புள்ளைங்க வாயத் தொறந்துக்கினு கேக்குதுங்க. கதைய அறுக்கச் சொல்றியா?"

வல்லவனுக்கு வல்லவன் உண்டு என்பார்கள். ஆனால் அந்த வல்லமையைவிட, அதை மறைத்துக்கொண்ட மனசுதான் பெரிசு. அதுவரை எதிரில் இருப்பவர்களை நான் ஏமாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். எத்தனை பேர் தெரிந்தே என்னைப் பேசவிட்டார்களோ!