கழுத்துப் பொருத்தம்

பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் திருச்செல்வம் அண்ணனுக்குக் கண் தெரியாது. முப்பது வருடமாகக் கையாலேயே ஊரை அடையாளம் வைத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரியான என் தோளைத் தொட்டதுமே, "தங்கமணி, மறுபடியும் குனிஞ்சு குனிஞ்சு தையலா?" என்பார். தசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷன் உயிரை எடுத்துவிடுவார். தசைக்கு இழுக்கத்தான் தெரியுமாம், தள்ளத் தெரியாதாம். உள்ளே இழைகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து சுருங்குமாம். மறுபடி நீள, எதிர்ப்பக்கத்துத் தசை இழுத்துக் கொடுக்க வேண்டுமாம். எத்தனை தடவைதான் கேட்பது!

போன ஞாயிறு அவர் மகள் புனிதாவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கிரிதரன், சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது. கேசரித் தட்டை நான்தான் எடுத்து வந்தேன். அப்போது பார்த்து அண்ணன் வாயைத் திறந்தார்.

"நீங்க எல்லாரும் கண்ணால பாத்துட்டீங்க. நான் கையால பாக்க வேணாமா?"

நியாயம்தானே, யார் மறுப்பது? ஐந்தே நிமிடத்தில் மாப்பிள்ளை பட்டுச்சட்டையைக் கழற்றிவிட்டு, ஹாலில் மசாஜ் கட்டிலில் குப்புறக் கிடந்தார். மூச்சு விடுவதற்காகக் கட்டிலின் தலைமாட்டில் வைத்த ஓட்டைக்குள் முகம் இருந்தது. சம்பிரதாயம் கெட்டுவிடக் கூடாதென்று புனிதா தரையில் குந்தி, அந்த ஓட்டைக்குக் கீழே காப்பியை நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தனக்கும் இடுப்பு பிடித்திருக்கிறது என்று சொல்லி அடுத்த ஆளாக நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முன்கை இறுகியிருக்கிறது, மாவு பிசைகிற கை, சரி என்றார் அண்ணன். முதுகும் பாஸ். இடது கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அங்கே தசை சுருங்கி, கட்டி கட்டியாகக் கிடந்ததாம். இது மாவு பிசைந்து வந்ததில்லை, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி, தினமும் மணிக்கணக்காகப் பேசி வந்தது என்றார். கடைக்கு வரும் ஆர்டரா என்று கேட்டார். மாப்பிள்ளை முகத்தை ஓட்டைக்குள் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷக் கட்டு இது. எவளோ ஒருத்தி இருக்கா. இந்தச் சம்பந்தம் வேணாம்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். தாய்மாமன் மட்டும் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.  புனிதா என் தையல் கடையில்தான் ரவிக்கைக்கு மணி கோக்கிறாள். இரண்டு கையிலும் வேலை இருக்கும். போன் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். காதல் என்றால் வீட்டில் ஒப்பமாட்டார்கள் என்று, தரகரைப் பிடித்து, முன்பின் தெரியாதவர்கள் போல இந்தப் பெண் பார்க்கும் நாடகத்தை நடத்தியதே இந்த இரண்டும்தான்.

புனிதா அப்பாவின் கையைப் பிடித்துத் தன் கழுத்தின் வலது பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் பாருங்கப்பா."

அண்ணன் பார்த்தார். ஊரில் யார் கழுத்தையும் விடாத கை, பெற்ற மகளின் கழுத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டது. அங்கேயும் அதே மாதிரிக் கட்டிகள்; ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக உட்கார்ந்தார்.

இனிக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலோ உடைந்துபோயிருந்தது.

"ரெண்டு வருஷமா வலிச்சிருக்குமே கண்ணு. என்கிட்ட சொல்ல உனக்கு அவ்வளவு பயமா?"

புனிதா அழுதாள். அவர் எண்ணெயைத் தொட்டு அவள் கழுத்தை நீவத் தொடங்கினார். எழுந்திருக்கலாமா என்று மாப்பிள்ளை ஓட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"படுங்க மாப்பிள்ளே, உங்களுது இன்னும் முடியல."