புது முட்டியோடு கடல்முனைக்கு

எனக்கு வலது முழங்கால் முட்டியை அறுவை செய்து மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் மலாக்காவில் உள்ள பாச்சாங் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோலாலம்பூரில் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். முடிவைத் தெரிவித்தாள்; கருத்துக் கேட்கவில்லை. நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு உட்கார்ந்தவன் நான். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தராத முடிவு செல்லாது என்று சொன்னேன்.

பேரம் பேசினோம். பக்கத்து மாநிலத்துக்குள் துண்டாகக் கிடந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான கடல்முனை ஒன்று இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட காடு. நான் கலங்கரை விளக்கம் வரை ஏறி, மறுபக்கம் கடற்கரைக்கு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் திரும்பிவிட்டால் பாச்சாங்கிலேயே இருப்பேன். முடியாவிட்டால் அவளோடு போவேன். தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை. வாய்ப்பேச்சை நம்பி நிலத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவள் காரிலேயே இருந்துகொண்டாள். காட்டு வாசலில் தமிழ்க் காவலாளி பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“தனியாவா அங்கிள்? வயசானவங்கள தனியா விடக்கூடாது லா.”

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல.”

“எழுத்துல சூராட் இருந்தா காட்டுங்க தம்பி. படிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறேன்.”

“சூராட்லாம் இல்ல. வாயால சொன்னதுதான்.”

“அப்ப இதுல எழுதுங்க. இத்தன மணிக்கு வந்தாரு, வாய்மொழி உத்தரவுப்படி திருப்பி அனுப்பிட்டேன்னு. கீழ உங்க பேரு, ஐசி கார்டு நம்பர்.”

அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னை.

“கவர்மெண்ட்ல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“அதான பாத்தேன். போங்க. விழுந்துடாதீங்க, ரிப்போர்ட்ட நான்தான் எழுதணும்.”

கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை. குரங்குகள் என் பையைப் பரிசீலித்து, தண்ணீர்ப் புட்டி மட்டும் கண்டு, தள்ளுபடி செய்தன. அதற்கப்பால் வேரும் கல்லுமாகச் செங்குத்துச் சரிவு. பிடித்து இறங்கக் கயிறு கட்டியிருந்தார்கள். பாதி வழியில் முட்டி மடங்க மறுத்துவிட்டது. பின்னால் வந்த நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கையை நீட்டினாள்.

“பிடிச்சுக்குங்க அங்கிள்.”

“வேணாம்மா.”

“கரண்ட் ஒண்ணும் அடிக்காது.”

“ஒப்பந்தம் இருக்கும்மா.”

“யாரோட, சாமியோடவா?”

“மகளோட.”

“அப்ப கஷ்டம்தான்” என்று என்னைச் சுற்றி இறங்கிப் போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே, கயிற்றை விடாமல், ஒவ்வொரு வேராக நகர்ந்து கீழே போனேன். அறுபத்தெட்டு வயதில் அது கம்பீரமான காட்சி அல்ல. ஆனால் கடல் கணுக்காலைத் தொட்டது. ஏறும்போது முட்டி அவ்வளவு தகராறு செய்யவில்லை. வழியில் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினேன். நிற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

வாசலில் காத்திருந்த மகள் கால்சட்டையின் பின்பக்கச் சேற்றைப் பார்த்தாள்.

“விழுந்தீங்களாப்பா?”

“உக்காந்து எறங்கினேன்.”

“யாராச்சும் தூக்கி விட்டாங்களா?”

“ஒருத்தங்க கை குடுத்தாங்க. வாங்கிக்கல.”

நான் பொய் சொல்கிறேனா என்று முகத்தையே பார்த்தாள். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில், சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

“ரொம்பத்தான் பிடிவாதம்” என்றாள்.

காலணிகளைக் கழற்றி, வைப்பதற்காகக் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே புத்தம் புதிய அட்டைப் பெட்டிகள், மடித்தபடி ஒரு கட்டு, பக்கத்தில் ஒட்டுநாடா. என் வீட்டைக் கட்டி எடுத்துப்போகத் தயாராகவே வந்திருக்கிறாள். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் அட்டையை உருவி விரித்தேன். சேற்றுக் காலணிகளை அதன்மேல் வைத்துப் பின்பெட்டியை மூடினேன்.

“பாச்சாங்குக்குக் காரை விடு” என்றேன்.